தடித்த தோல் தைக்க எந்த மெஷின் வாங்குவது?

தோலில் பெல்ட்டும் பையும் தைக்கத் தொடங்குபவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது, “நல்ல ஹெவி டியூட்டி மெஷின் எது?” என்றுதான். இந்தக் கேள்விக்கு விற்பவர் எந்த மெஷினையும் காட்டலாம். ‘ஹெவி டியூட்டி’க்கு அளவு எதுவும் கிடையாது. ஜீன்ஸ் தைக்கும் வீட்டு மெஷினின் பெட்டியிலும் அது அச்சாகியிருக்கும், குதிரைச் சேணம் தைக்கும் மெஷினின் விளம்பரத்திலும் இருக்கும்.

நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டியவை இரண்டு விவரங்கள். தைக்கப்போகும் பொருளின் மிகத் தடித்த இடம் எத்தனை மில்லிமீட்டர்? அதில் எந்த நூல் ஓட வேண்டும்? நூல் முடிவானால் ஊசி முடிவாகும். தடிமனும் ஊசியும் தெரிந்தால் மெஷினின் வகை தானாகவே விழும். கம்பெனி, விலை, புதியதா பழையதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஆறு மாதத்தில் மெஷினை விற்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு நாலைந்து பெல்ட் மட்டும் செய்பவருக்கு மெஷின் தேவையில்லை. இரண்டு ஊசி வைத்துக் கையால் தைக்கும் தையல் மெஷின் தையலைவிட உறுதியானது. அதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தருவது வேகத்தையும், நூறு பொருளிலும் ஒரே மாதிரி ஓடும் வரிசையையும்தான்.

தடிமனை அளந்து எழுதுங்கள்

ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். செய்ய நினைக்கும் பொருளின் வெட்டுத் துண்டுகளை, தைக்கும்போது இருக்கப்போகிற அடுக்கிலேயே வையுங்கள். லைனிங், மடிப்பு, நடுவில் வைக்கும் பட்டை எல்லாம் சேர்த்து கிளிப் போட்டு அழுத்தி அளவு எடுங்கள். சமமான இடத்தின் அளவு போதாது. மிகத் தடித்த இடம்தான் மெஷினுக்குச் சோதனை.

பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். மேல்தோல் 3.5 மி.மீ., லைனிங் 1.2 மி.மீ. என்றால் நீளம் முழுக்க 4.7 மி.மீ. தான். பக்கிள் மாட்டும் இடத்தில் அதை அப்படியே மடித்தால் 9.4 மி.மீ. ஆகிவிடும். பெல்ட் 5 மி.மீ. தானே என்று எண்ணி வாங்கிய மெஷின் அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில் நின்றுவிடும். மடிப்பின் உட்பக்கத்தைச் சீவி, அதாவது ஸ்கைவிங் செய்து, பாதியாக்கினால் அதே இடம் 5 மி.மீ. அளவுக்கு இறங்கும். நன்றாகச் சீவத் தெரிந்தவருக்குச் சின்ன மெஷினே போதும் என்பதை விற்பவர் யாரும் சொல்ல மாட்டார்.

மற்றவற்றுக்குத் தோராயக் கணக்கு இது. 1 மி.மீ. தோலில் நாலு அடுக்கு வரும் பர்ஸ் 4 மி.மீ. தோள்பையின் உடல் 2 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு, கைப்பிடி சேரும் இடத்தில் 7 அல்லது 8. கத்தி உறையில் 3.5 மி.மீ. தோல் மூன்று அடுக்கு வரும், ஆகவே 10.5. நாய்ப்பட்டை இரண்டு அடுக்கானால் 7. அடுக்குகளின் தடிமனோடு, எங்கே எங்கே படியேறி இறங்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. சமமாக இருப்பது மெஷினுக்குச் சுலபம். 3-லிருந்து சட்டென்று 8-க்கு ஏறுவதுதான் கடினம்.

தோலை அவுன்ஸில் விற்கிறவர்களும் உண்டு. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது தோலின் தன்மையையும் பாருங்கள். குரோம் பதனிட்ட மென்மையான 4 மி.மீ. தோல் ஃபுட்டின், அதாவது தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்தின், அடியில் அமுங்கிக் கொடுக்கும். மரப்பட்டை பதனிட்ட கெட்டியான 4 மி.மீ. தோல் ஊசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் காலிப்பர் ஒரே எண்ணைக் காட்டும், மெஷினுக்கு அவை ஒன்றல்ல.

நூல், அதற்கேற்ற ஊசி

மெஷினில் தோல் தைக்கப் பாண்டட் நைலான் அல்லது பாண்டட் பாலியஸ்டர் நூலை வாங்குங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால் ஊசிக் கண்ணில் பிரியாது. நைலான் சற்று இழுபடும், அதனால் மேல்நூலும் அடிநூலும் பின்னும் முடிச்சு தோலுக்குள் நன்றாக இறங்கும். வெயிலில் கிடக்கும் பொருளுக்குப் பாலியஸ்டரே நல்லது. பருத்தி நூலும் துணி தைக்கும் சாதா நூலும் இந்த வேலைக்கு ஆகாது.

கோன் மீது இரண்டு விதமான எண்கள் இருக்கும். டெக்ஸ் எண் ஏற ஏற நூல் தடிக்கும். டிக்கெட் எண் ஏற ஏற நூல் மெலியும். 3000-ஐ டெக்ஸ் எண்ணால் வகுத்தால் டிக்கெட் எண் தோராயமாகக் கிடைக்கும். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். டிக்கெட் 40 கேட்டால் பர்ஸ் தைக்கும் நூல் வரும், டிக்கெட் 10 கேட்டால் சேணம் தைக்கும் நூல் வரும்.

- டெக்ஸ் 70, டிக்கெட் 40: ஊசி 100 அல்லது 110. பர்ஸ், லைனிங். தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ.
- டெக்ஸ் 90, டிக்கெட் 30: ஊசி 110 அல்லது 120. மெல்லிய பை.
- டெக்ஸ் 135, டிக்கெட் 20: ஊசி 140 அல்லது 160. பை, பெல்ட். தையல் 3.5 முதல் 4 மி.மீ.
- டெக்ஸ் 210, டிக்கெட் 15 அளவில்: ஊசி 160 அல்லது 180. கனமான பெல்ட், கைப்பிடி.
- டெக்ஸ் 270, டிக்கெட் 10 அளவில்: ஊசி 180 அல்லது 200. உறை, நாய்ப்பட்டை, வார். தையல் 5 மி.மீ. அல்லது அதற்கும் மேல்.
- டெக்ஸ் 350: ஊசி 200 அல்லது 230. சேணம்.

தோல் கெட்டியாகவும் அடுக்கு அதிகமாகவும் இருந்தால் ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணையே எடுங்கள். முடிச்சு உள்ளே இறங்குவதற்கு ஓட்டையில் இடம் இருக்க வேண்டும்.

ஊசியின் தடிமனைச் சொல்லும் அளவு எண்ணும், எந்த மெஷினுக்குப் பொருந்தும் வகை என்று சொல்லும் சிஸ்டம் எண்ணும் வேறு வேறு. சாதாரண பவர் மெஷினுக்கு டிபி×1. கீழே விளக்கியிருக்கும் வாக்கிங் ஃபுட் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு 135×16 அல்லது 135×17. இரண்டின் நீளமும் ஒன்றே. 16 தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் முனை, 17 துணிக்கான உருண்டை முனை. பெரிய 441 வகை மெஷினுக்கு 794, அதையே டிஒய்×3 என்றும் போடுவார்கள். சிஸ்டம் மாறினால், அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் ஹூக்கை ஊசி சந்திக்கும் உயரம் மாறிவிடும், பிறகு ஒரு தையல்கூட விழாது. பழைய மெஷின் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேளுங்கள்: எந்த சிஸ்டம் ஊசி, பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா?

முனைகளிலும் வகை உண்டு. ‘எஸ்’ முனை தையல் ஓடும் திசையிலேயே கீறும், தையல் நேர்கோடாகப் படியும். ஆனால் தையல் நீளத்தைக் குறைத்தால் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் அங்கே கிழியும். ‘எல்ஆர்’ முனை சாய்வாகக் கீறும், தையல் லேசாகச் சாய்ந்து கையால் தைத்ததுபோல் தெரியும். பெல்ட்டுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று போதும்.

எந்த வகை மெஷின் எதுவரை தாங்கும்

வீட்டு மெஷின் முதலில். ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கப்படுபவையும் இதில் சேரும். சிங்கர் 4423 நிமிடத்துக்கு 1,100 தையல் போடும் என்பது உண்மை. ஆனால் தடித்த தோலுக்கு வேகம் உதவாது. இந்த மெஷின்களில் டெக்ஸ் 70 நூலும் 110 ஊசியும்தான் எல்லை. 1 மி.மீ. மென்தோல் இரண்டு அடுக்கு வரை தைக்கலாம். பெல்ட்டுக்கு இதை வாங்காதீர்கள்.

அடுத்தது தையற்கடைகளில் இருக்கும் பவர் மெஷின். ஜூக்கி டிடிஎல்-8700 போன்றது. நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடும்படி துணிக்காகச் செய்தது. தோலை நகர்த்துவது அடியில் உள்ள பல் மட்டுமே. மேல் அடுக்கை ஃபுட் அழுத்திப் பிடித்திருக்க, கீழ் அடுக்கை மட்டும் பல் இழுக்கும். ஒரு மீட்டர் வார் தைத்து முடிப்பதற்குள் மேல் அடுக்கு சில மில்லிமீட்டர் பின்தங்கிவிடும். தோலின் அடிப்பக்கத்தில் பல் தடமும் பதியும். லைனிங் துணி தைக்க இது நல்ல மெஷின். தடித்த தோலுக்கு அல்ல.

மூன்றாவதுதான் பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது: வாக்கிங் ஃபுட், அதாவது டிரிபிள் ஃபீட் மெஷின். இதில் அடியிலுள்ள பல், ஊசி, உள் ஃபுட் மூன்றும் சேர்ந்து பின்னால் நகரும். ஊசி தோலுக்குள் குத்தியபடியே நகர்வதால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியில்லை. அவை நகரும்போது வெளி ஃபுட் தூக்கியிருக்கும், ஊசி மேலே போனதும் வெளி ஃபுட் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ளும். படியேறுவதற்கு இந்த மாறி மாறி நடக்கும் நடைதான் காரணம்.

ஜூக்கி டிஎன்யூ-1541 இந்த வகைக்கு நல்ல அளவுகோல். முழங்கால் லிஃப்டரால் ஃபுட் 16 மி.மீ. தூக்கும், தையல் நீளம் 9 மி.மீ. வரை போகும். 16 மி.மீ. தூக்கும் என்றால் 16 மி.மீ. தைக்கும் என்று அர்த்தமில்லை. ஃபுட் நடப்பதற்கு மேலே இடம் வேண்டும், ஊசியின் நீளமும் போதாது. 10 மி.மீ. வரைதான் நம்பலாம். நூலில் டெக்ஸ் 135 சுகமாக ஓடும், 210 ஓடும். மேலே 270, அடிநூல் சுற்றும் பாபினில் 210 என்பது விளிம்பு. இதே மெஷினில் எஸ் என்ற எழுத்தோடு வரும் வகைக்குப் பாதுகாப்பு கிளட்ச் உண்டு. நூல் ஹூக்கில் சிக்கிக்கொண்டால் கிளட்ச் கழன்று ஹூக்கைக் காப்பாற்றும். புதியவர்கள் அந்த எழுத்துள்ளதையே தேடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேல் ஃபுட்டும் பல்லும் மட்டும் நகர்ந்து, ஊசி நகராமல் நேரே ஏறி இறங்கும் மெஷின்களையும் வாக்கிங் ஃபுட் என்றே விற்கிறார்கள். சோதிப்பது சுலபம். தோலை வைத்து ஊசி உள்ளே இறங்கும்வரை கைச்சக்கரத்தைத் திருப்பி, இன்னும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஊசி தோலோடு சேர்ந்து பின்னால் போனால் டிரிபிள் ஃபீட்.

நான்காவது, 441 வகை. ஜூக்கி டிஎஸ்சி-441 மெஷினின் அமைப்பைப் பின்பற்றிப் பல கம்பெனிகள் செய்கின்றன. டெக்ஸ் 270, 350 நூலையும் 20 மி.மீ. அளவிலான அடுக்கையும் இது தாங்கும். உறை, சேணம், கனத்த வார் செய்பவர்களுக்கு இது. ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதாக வாங்கிவிடாதீர்கள். ஊசித் தட்டின் ஓட்டை பெரியது, பற்கள் முரட்டுத்தனமானவை. 1 மி.மீ. தோலைக் கொடுத்தால் ஊசியோடு சேர்த்து ஓட்டைக்குள் இழுத்துவிடும். பர்ஸும் சேணமும் ஒரே மெஷினில் தைக்க முடியாது. இரண்டும் செய்பவருக்கு இரண்டு மெஷின் வேண்டும்.

செருப்புக் கடைகளில் காணும் பேட்ச் மெஷின், சிங்கர் 29கே போன்றது, பழுது பார்க்க அருமையானது. ஃபுட் எந்தப் பக்கமும் திரும்பும், ஷூவின் நுனிக்குள்ளும் போய்த் தைக்கும். ஆனால் பாபின் மிகச் சிறியது, தடித்த நூல் ஏறாது, நீண்ட நேர்த்தையல் வளையும். பெல்ட் தயாரிப்புக்கு வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகள் கழித்துவிடும் மெஷின்கள் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை போஸ்ட் மெஷின்கள். அடித்தளம் ஒரு தூண்போல் நிமிர்ந்திருக்கும், தோலை உருளை நகர்த்தும். ஷூவின் மேற்பகுதி ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தோல், நூலும் மெல்லியது. அந்த வேலைக்கு அவை நுட்பமானவை. 9 மி.மீ. பக்கிள் மடிப்பைக் கொடுத்தால் உருளை ஏறாது. தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷின் என்பதாலேயே தடித்த தோல் தைக்கும் என்று எண்ணக்கூடாது.

அடித்தளத்தின் வடிவம் பற்றிச் சுருக்கமாக: பெல்ட், வார், தட்டையான பாகங்களுக்குப் பிளாட் பெட், அதாவது தட்டையான அடித்தளம். முழு வடிவம் எடுத்த பைக்குள் கைவிட்டுத் தைக்கச் சிலிண்டர், அதாவது குழாய்போல் நீண்ட அடித்தளம். சிலிண்டர் மெஷினுக்கு மேலே மாட்டும் பலகை கிடைக்கும், அதை மாட்டினால் தட்டையான வேலையும் ஓரளவு செய்யலாம். பிளாட் பெட்டைச் சிலிண்டராக்க வழியில்லை.

மோட்டார்: வேகத்தை அல்ல, மெதுவைத் தேடுங்கள்

மெஷினின் தலை, அதாவது மேசையும் மோட்டாரும் நீங்கலான தைக்கும் பாகம், நன்றாக இருந்தும் மோட்டாரால் கெட்டுப்போன அமைப்புகள் ஏராளம். தொழிற்சாலை மெஷின்களோடு வரும் பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்ச் போட்டதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதிக்கும்போது கிளட்ச் பிடிக்கும். அனுபவசாலி பாதி மிதித்து மெதுவாக ஓட்டுவார். புதியவர் மிதித்தால் பெல்ட்டின் மூலையைத் தாண்டி நாலு தையல் போயிருக்கும். துணியில் அதைப் பிரித்துவிடலாம். தோலில் ஓட்டை ஓட்டைதான்.

ஆகவே, மிதிக்கும்போது மட்டும் சுற்றும், வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சர்வோ மோட்டார். 550 வாட் பிளாட் பெட்டுக்குப் போதும், 441 வகைக்கு 750 வாட் நல்லது. எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு மெதுவாகத் தொடங்கும் என்று கேளுங்கள். மிகக் குறைந்த வேகம் 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் புல்லி 50 மி.மீ., கைச்சக்கரம் 100 மி.மீ. விட்டம் என்றால் மெஷின் நிமிடத்துக்கு 100 தையலில் கிளம்பும். வளைவில் திருப்ப இது இன்னும் வேகம்தான். மேலும் சர்வோ மிகக் குறைந்த வேகத்தில் இழுவை குறைந்து, தடித்த இடத்தில் முனகி நிற்கும்.

இதற்கான மருந்து மோட்டாரை மாற்றுவதல்ல, நடுவில் ஒரு ஸ்பீடு ரெடியூசர் வைப்பது. பெரிய புல்லியும் சின்னப் புல்லியும் ஒரே அச்சில் இருக்கும் பெட்டி அது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால் வேகம் மூன்றில் ஒன்றாகும், இழுவை மூன்று மடங்காகும். மேலே சொன்ன 100 தையல் 33 ஆகிவிடும், அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு தையலுக்குச் சற்று மேல். பக்கிள் மடிப்பை மெஷின் சிரமமில்லாமல் ஏறும். செலவைக் குறைக்க நினைத்தால் முதல் வேலையாக மோட்டார் புல்லியையாவது கிடைக்கும் மிகச் சிறிய அளவுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் மோட்டார் பெல்ட்டின் நீளமும் மாறும், பொருத்தமான மோட்டார் பெல்ட்டை வாங்குங்கள்.

பழைய தொழிற்சாலை மெஷினில் மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானதாக இருக்கலாம். வீட்டில் ஒருமுனை 230 வோல்ட் மட்டும் இருந்தால் அந்த மோட்டார் உங்களுக்குப் பயனில்லை. விலை பேசும்போதே தட்டில் எழுதியிருப்பதைப் படித்து, மோட்டார் இல்லாத விலையைக் கேளுங்கள்.

ஊசியை மேலே அல்லது கீழே நிறுத்தும் பொசிஷனரை ரெடியூசரோடு சேர்த்து வாங்குவதானால், அதன் சென்சார் கைச்சக்கரத்தில் பொருந்தும் வகையா என்று பாருங்கள். மோட்டாரின் சுற்றை மட்டும் எண்ணும் வகை, ரெடியூசர் வைத்ததும் ஊசியின் இடத்தைத் தவறாகக் கணக்கிடும்.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும்போது

உங்கள் தோல், உங்கள் நூல், அதற்கேற்ற புது ஊசி மூன்றையும் எடுத்துப் போங்கள். விற்பவர் ஜீன்ஸ் துணியை மடித்து வேகமாக ஓட்டிக் காட்டுவார். அதிலிருந்து எதுவும் தெரியாது. கைப்பேசி விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் கூடவே இருக்கட்டும்.

1. மோட்டாரை அணைத்து, நூலை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தால் உள்ளே ஏதோ உரசுகிறது. முழுக்கச் சீராகக் கனமாக இருந்தால் காய்ந்த எண்ணெயாக இருக்கலாம், அது சரியாகிவிடும்.
2. ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். வாக்கிங் ஃபுட்டில் அது அமர்ந்திருக்கும் சட்டமும் ஆடும் பாகம் என்பதால் மயிரிழை அசைவு இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஆட்டம் என்றால் விட்டுவிடுங்கள். ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் இடைவெளியே 0.1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.
3. ஹூக்கின் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மழுங்கல், துரு, பிசிறு இருக்கிறதா? பஞ்சை அதன்மேல் இழுங்கள். இழை சிக்கினால் நூலும் சிக்கும். லேசான பிசிறைத் தேய்த்துவிடலாம், முனை உடைந்திருந்தால் ஹூக்கையே மாற்ற வேண்டும். அதுதான் மெஷினின் விலை கூடிய பாகங்களில் ஒன்று.
4. டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 முதல் 2.5 மி.மீ. மேலே எழும்போது ஹூக்கின் முனை ஊசிக்குப் பின்னாலிருக்கும் குழிவுக்கு வந்து, கண்ணுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். டைமிங் விலகியிருந்தால் மெஷின் கெட்டது என்று இல்லை, மெக்கானிக் சரிசெய்துவிடுவார். விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.
5. ஊசித் தட்டின் ஓட்டை. ஊசி குத்திக் குத்தி விளிம்பு கீறியிருந்தால் தட்டு மாற்ற வேண்டும்.
6. இப்போது உங்கள் தோலில் தையுங்கள். சமமான இடத்தில் 20 செ.மீ., பிறகு மிகத் தடித்த அடுக்கின்மேல் ஏறி இறங்குங்கள். ஏறும் இடத்தில் தையல் நீளம் சுருங்குகிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.
7. ரிவர்ஸ் கம்பியைப் பிடித்து மூன்று தையல் பின்னால் வாருங்கள். ஊசி அதே ஓட்டைகளில் இறங்க வேண்டும். பக்கத்தில் புது ஓட்டை போட்டால் முன்னோக்கு நீளமும் பின்னோக்கு நீளமும் ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, பாபின், பாபின் கேஸ், ஃபுட் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெயர் தெரியாத பழைய ஐரோப்பிய மெஷின் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், பாபின் கேஸ் தொலைந்த நாளில் இரும்புத் துண்டாகிவிடும். தலை மட்டுமே 30 கிலோவைத் தாண்டும், எடுத்துவர இரண்டு பேரோடு போங்கள். சாதா தையல் மேசையின் மெல்லிய பலகை இந்த எடைக்குத் தொய்யும்.

வாங்குவதற்கு முன் இத்தகைய மெஷின்களில் உட்கார்ந்து பார்க்க விரும்புபவர்கள், சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

வந்து இறங்கியதும்

எண்ணெய் விடுங்கள். தையல் மெஷினுக்கான வெள்ளை எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பசையாகி இறுகிவிடும். எண்ணெய் விட்டபின் கழிவுத் தோலில் நன்றாக ஓட்டித் துடைத்துவிட்டே நல்ல தோலை வையுங்கள். பதனிட்டு நிறமேற்றாத தோலில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது.

மெஷினோடு வரும் ஃபுட் பெரும்பாலும் பல் வெட்டியது. அது தோலின் முகத்தில் வரிவரியாகத் தடம் போடும். வழவழப்பான ஃபுட் ஒரு ஜோடி வாங்குங்கள், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் தைக்க எட்ஜ் கைடும் வாங்குங்கள். பிறகும் தடம் விழுந்தால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் அழுத்தம் மிகவும் குறைந்தால் ஊசி மேலேறும்போது தோலும் கூடவே எழும்பும், ஊசியின் பின்னால் நூல் வளையம் உருவாகாது, தையல் தவறும். தையல் தவறினால் பலர் உடனே டைமிங்கில் கை வைக்கிறார்கள். முதலில் ஊசியை மாற்றுங்கள், ஊசி கடைசிவரை மேலே ஏறியிருக்கிறதா பாருங்கள், பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். இந்த மூன்றும் உதவாவிட்டால்தான் டைமிங்.

தொடக்கத்தில் அடியில் நூல் கூடுகட்டினால், மேல்நூல், அடிநூல் இரண்டின் வாலையும் முதல் மூன்று நாலு தையல் வரை விரலால் இழுத்துப் பிடித்திருங்கள். அடிப்பக்கம் முழுக்க நூல் வளையம் தெரிந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் மேல் டென்ஷனில் நூல் சரியாக உட்காரவில்லை. ஃபுட்டைத் தூக்கி வைத்து நூலை மறுபடி கோர்த்துவிடுங்கள், ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். முடிச்சு மேலே துருத்தி நின்றால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எவ்வளவு திருகினாலும் முடிச்சு உள்ளே இறங்காவிட்டால் குறை டென்ஷனில் இல்லை. ஊசி சிறியது, அடுத்த அளவுக்குப் போங்கள்.

படியேறும் இடத்தில் தையல் சுருங்கினால் ஃபுட்டின் நடை உயரத்தைக் கூட்டுங்கள். தோலைக் கையால் இழுத்து உதவாதீர்கள், ஊசி வளைந்து ஹூக்கில் இடிக்கும். வளைந்த ஊசி ஹூக்கின் முனையை உடைத்துவிடும். ஏறும் இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் நாலு தையல் போடுவது அனுபவசாலிகளும் செய்வதுதான்.

நூல் பிய்ந்து பிசிறு கிளம்பினால், ஊசி சிறியதா, தட்டில் கீறலா என்று பார்த்தபின் பசையைச் சந்தேகியுங்கள். ரப்பர் பசையும் இரட்டைப்பக்க டேப்பும் ஊசியில் ஒட்டிச் சூடேறிக் கண்ணை அடைக்கும். பசை முழுக்கக் காய்ந்தபின் தையுங்கள், நூல் ஓடும் வழியில் சிலிக்கான் எண்ணெய் நனைத்த பஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

பாபினின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. தடிமனில் 4 மி.மீ. தையல் போட்டால் ஒவ்வொரு தையலுக்கும் அடிநூல் ஏறக்குறைய 12 மி.மீ. போகும். ஒரு மீட்டருக்கு 250 தையல், ஆக 3 மீட்டர் நூல். தடித்த நூல் பாபினில் கொஞ்சம்தான் சுற்றிக்கொள்ளும். பெல்ட்டின் இருபக்கமும் தைக்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, போதாத பாபினைக் கழற்றி வைத்துவிட்டு நிறைந்ததைப் போட்டுத் தொடங்குங்கள். மீதி நூலுள்ள பாபின்களை மாதிரித் துண்டுகளில் டென்ஷன் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.